திட்டின் மேல் நாலு முட்டை

கேமரா வாங்கிய கோடையில் எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கீரனூரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு என்னைத் தெரியாது. அப்படிப் பெயர் எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கோடையில் வேறொரு வருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். திருச்சியில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்று விலைக்கு வந்தது. மூடினால் டிபன் டப்பா மாதிரி இருக்கும், திறந்தால் துருத்தி போல முன்னால் நீளும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் கறுப்பு வெள்ளை. வெளிச்சத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. வானத்தை அண்ணாந்து பார்த்து மனதுக்குப் பட்டபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணம், காதுகுத்து என்று மனிதரை எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிறார்கள், நான் காட்டு உயிர்களைத்தான் எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"அப்ப எங்க அண்ணன ஒரு படம் எடுங்க. அதுவும் காட்டுலதான் சுத்திக்கிட்டுக் கெடக்கு" என்றாள் என் மனைவி, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாளே சைக்கிளில் நார்த்தாமலைக்குப் போனேன். பாறைச் சரிவில் ஒரு மயில் தோகையை விரித்து நின்றது. தலைகால் புரியாமல் ஐந்து படம் எடுத்தேன். அது போதாதென்று ஓடுகிற கீரியை இரண்டு படம். ரோலைத் திருச்சிக்கு அனுப்பிக் கழுவி வாங்கினால், கீரி இருந்த இடத்தில் புகை போல ஒரு கோடு. மயில் படத்தில் பாறை இருந்தது, வானம் இருந்தது. மயில் கடுகளவு இருந்தது. அதை என் மனைவிக்குச் சுட்டிக்காட்டினேன். அவள் முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, "நெசமாவே மயிலுதாங்க. நான் அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது ஒரு காரியத்தில் இறங்கிவிடுவேன். பெரிய உயிர்களின் பக்கத்தில் போக முடியாவிட்டால் சின்ன உயிர்களின் பக்கத்தில் போவது என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூட ஆய்வறையில் இருந்த பூதக்கண்ணாடி ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் டியூப்பை வெட்டிய ரப்பர் பட்டையால் கேமராவின் முகத்தில் இறுக்கிக் கட்டினேன். அப்படிக் கட்டினால் ஒரு சாண் நாலு விரல் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். ஒரு விரல் தள்ளினாலும் கலங்கிவிடும். அதற்காகக் கேமராவில் ஒரு நூலைக் கட்டி, அந்தத் தூரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முடிச்சைப் பூச்சியின் மூக்குவரை நீட்டிப் பார்த்து, மூச்சை அடக்கி, விசையைத் தட்டுவேன்.

அடுத்த ரோல் வந்தபோது நானே அசந்துபோனேன். பனி ஈரத்தோடு உட்கார்ந்திருந்த தட்டானின் கண் ஒன்று. வெட்டுக்கிளிக் காலைத் தூக்கிப் போகும் எறும்புகள். வேலிப் பச்சோந்தியின் கன்னத்துச் செதில்கள். பத்து வருடம் அறிவியல் நடத்தியிருக்கிறேன், தட்டானுக்கு அப்படி ஒரு கண் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பொன்னமராவதியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பஸ் பிடித்துப் போய், பந்தல்கால் வாழைமரத்தில் உட்கார்ந்திருந்த கும்பிடுபூச்சி முன் முழங்கால் போட்டதில் முகூர்த்தத்தைத் தவறவிட்டேன். பெண்ணின் அப்பா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், கீரனூரிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு சிற்றூரின் கண்மாய்க்குள் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி, மடையோரத்தில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமிட்டது. அது கத்துகிற வேகத்தைப் பார்த்தால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் எனக்கு அகப்படவில்லை.

"கால எடுக்காதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

மண்வெட்டியோடு ஒரு பெண் வந்தார். என் கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு முழத்தில், வெடித்த தரையில், மண் நிறத்தில் நாலு முட்டைகள் கிடந்தன. கூர் முனைகளை உள்ளே வைத்து, யாரோ அடுக்கியது போல.

"வாத்தியாரு கண்ணு மேகத்துல இருந்தா இது எப்படித் தெரியும்?" என்றார்.

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராகத் தெரிந்ததால் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் கதையை அன்றைக்கே சொல்லிவிட்டார், எதையும் மறைக்கிற ஆள் இல்லை. கணவர் வண்டி குடைசாய்ந்ததில் இடுப்பொடிந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தார். இருந்தது சரளைக்கல் நிறைந்த புன்செய்க் காடு ஒன்று, அண்ணன் தம்பி பொதுவில். புல்கூட முளைக்காத காட்டை விற்றுவிடலாம் என்றார் கணவரின் அண்ணன். இந்த அக்கா ஒரு வருடம் தவணை கேட்டிருந்தார். கண்மாய் வண்டலை முப்பது வண்டி அடித்துப் போட்டால் கடலை விளைய வைத்துக் காட்டுகிறேன், விளையாவிட்டால் விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். வண்டலை வெட்டுவது, வண்டியில் ஏற்றுவது, மாட்டை ஓட்டுவது எல்லாம் அவரே. பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று ஊரில் பேசினார்களாம். "பேசுறவங்க வந்து ஓட்டட்டும்னேன். ஒருத்தரையும் காணோம்" என்றார்.

அந்த ஊரில் வண்டல் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்மாய்த் தரையை முளைக்குச்சி அடித்து வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பங்குக்கும் பத்து நாள். ஒரு முழத்துக்கு மேல் தோண்டக் கூடாது. தோண்டினால் அடியில் இருக்கும் களி உடைந்து, மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். ஆழத்தைச் சரிபார்க்க, ஒவ்வொருவரும் தம் பங்குக்குள் பழைய தரையைத் தொடாமல் ஒரு சின்னத் திட்டாக விட்டுவைக்க வேண்டும். எல்லார் முறையும் முடிந்ததும் அம்பலக்காரர், அதாவது ஊர்த் தலைவர், அந்தத் திட்டின் பக்கத்தில் கோல் வைத்து அளப்பார். திட்டைக் காணோம் என்றால் ஆழம் தாண்டிவிட்டதாகவே கணக்கு. எடுத்ததில் பத்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

நாலு முட்டையும் கிடந்தது அந்த அக்காவின் பங்கில். அவர் முறை தொடங்க நாலு நாள்தான் இருந்தது. ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வருவதை ஒரு சாண் தூரத்தில் படம் பிடித்தால், அதற்குப் பிறகு கேமராவைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. எப்படிக் கேட்பது என்று வார்த்தையை மென்றுகொண்டிருந்தேன்.

அவர் முட்டையைப் பார்த்தார், முளைக்குச்சியைப் பார்த்தார். "திட்டுன்னு ஒண்ணு விட்டுத்தான ஆகணும்? இதையே விட்டுட்டாப் போச்சு" என்றார்.

அவ்வளவுதான். நான் நாலு நாள் தூக்கம் கெட்டு யோசித்திருப்பேன், அவர் வெற்றிலையைக் கிள்ளுகிற நேரத்தில் முடித்துவிட்டார். அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அவர் முறை தொடங்கியது. விடியும்போதே வெட்டத் தொடங்குவார். முட்டைகளைச் சுற்றிப் பாய் அளவுக்கு இடம் விட்டுவிட்டு, நாலு பக்கமும் வண்டல் இறங்கிக்கொண்டே போயிற்று. இரண்டு நாள் கத்திப் பார்த்த குருவி மூன்றாம் நாள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மண்வெட்டி விழும் சத்தத்துக்குப் பத்தடியில் அடைகாத்து உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டால் மட்டும் எழுந்து கத்தும். அது பாட்டுக்குக் கத்தட்டும் என்று கேமராவைக் கற்களுக்கு நடுவில், திட்டின் மேலேயே, முட்டைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே பனையோலை மூடி, விசையில் நீளமான நூல் கட்டி, கரைப் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். குருவி வந்து உட்கார்ந்ததும் நூலை இழுப்பதாகத் திட்டம். மணி பன்னிரண்டு இருக்கும். குருவி வந்தது, ஓலையைப் பார்த்தது, போனது. மறுபடி வந்தது, போனது. நான் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வண்டியைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்த அக்கா, நேரே திட்டுக்குப் போய் ஓலையைப் பிடுங்கி வீசினார். கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார்.

"வெயிலப் பாத்தீங்களா? கையக் கீழ வைக்க முடியுதா? அது நெழலுக்குத்தான் முட்டை மேல ஒக்காருது. மடைத் தண்ணியில வயித்த நனைச்சுட்டு ஓடியாந்து ஒக்காருது. தெனம் பாக்குறேன். ஒங்க படத்துக்காக உள்ள இருக்குறது வேகணுமா?"

முட்டைகள் குளிராமல் இருக்கத்தான் பறவை அடைகாக்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். சூடாகாமல் இருக்கவும் உட்காரும் என்பதை மண் வெட்டிக்கொண்டே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார் அவர். குருவி திரும்ப வந்து உட்கார்ந்து, வயிற்று இறகை முட்டைகள் மேல் விரித்துவிடும்வரை இரண்டு பேரும் தள்ளி நின்றோம். அதன் பிறகு அவர் தன் குடிதண்ணீரில் கொஞ்சம் ஓர் உடைந்த மண்சட்டி ஓட்டில் ஊற்றித் திட்டுக்குக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் சொன்ன நேரத்தில் மட்டுமே படம் எடுத்தேன். காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் வடமேற்கில் மேகம் திரண்டது. முட்டையில் காலையிலேயே கீறல் விழுந்திருந்தது. அக்காவுக்கு இருபத்தொன்பது வண்டி ஆகியிருந்தது. மழைக்கு முன்னால் கடைசி வண்டியை ஏற்றிவிட வேண்டும் என்று மூச்சு வாங்கக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் திட்டோரத்தில் குப்புறப் படுத்து, நூல் முடிச்சை ஓட்டின் கீறலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒரு மூக்கு நுனி வந்தது. அன்றைக்குப் போட்ட புது ரோலில் படம் ஒன்று. ஓட்டின் மூடி திறந்தது. படம் இரண்டு. ஈரக் கழுத்தோடு ஒரு குஞ்சு வெளியே சாய்ந்தது. நான் அழுதேன் என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள், ஆனால் அழுதேன்.

நாலும் வந்து, முடி காய்ந்து, கால் ஊன்றி நிற்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழைக்கு நிதானம் கிடையாது, கொட்டியது. நான் துண்டைக் கேமரா மேல் போட்டுக்கொண்டு எடுத்தேன். திட்டைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தாய்க்குருவி பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் பங்கின் வெட்டாத தரையில் நின்று கூப்பிட்டது. குஞ்சுகள் திட்டின் விளிம்புவரை ஓடி வந்து, கீழே தண்ணீரைப் பார்த்துத் தயங்கின. ஒன்று விழுந்தது. கையை விட்டு எடுத்து மேலே வைத்தேன், திரும்ப விளிம்புக்கே ஓடியது.

பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அக்கா கடைசி வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். திட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தில் இழுத்துத் தள்ளி, அந்தக் கரைக்கு ஒரு வழி போட்டார். கூடு இருந்த இடம் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து, மேடு போய் வெறும் சரிவாயிற்று. குஞ்சுகள் ஒன்றன் பின் ஒன்றாக அந்த ஈர மண்ணில் நடந்தன. அந்த வரிசையில் கடைசிக் குஞ்சு, ஒரு காலைத் தூக்கியபடி. அதுதான் என் பன்னிரண்டாவது படம். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான், இன்றைக்கும். அக்கா முகத்திலிருந்த மழையை வழித்துவிட்டுச் சிரித்தார். பாதி வண்டி சேறாகிவிட்டது.

நாலு நாளில் கண்மாய் காய்ந்தது. பக்கத்துப் பங்குக்காரரின் முறை வந்தது, அவரும் பத்து நாளில் தன் தரையை இறக்கிவிட்டார், அக்காவின் வெட்டுக்கு அளவு சொல்ல ஒட்டி நின்ற பழைய தரையும் அதோடு போயிற்று. எல்லார் முறையும் முடிந்து அம்பலக்காரர் கோலோடு வருகிற நாளில், திருச்சியிலிருந்து வாங்கி வந்த படங்களைக் காட்டும் ஆசையில் நானும் போயிருந்தேன். அக்காவின் பங்குக்கு வந்ததும் கோல் நின்றது.

"திட்டு எங்க ஆத்தா?"

அக்கா நடந்ததைச் சொன்னார். பக்கத்துப் பங்குக்காரர், "குருவிக்காக வெட்டுனாங்களாம்" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்காவுக்கு அப்போதும் கலக்கம் இல்லை. "வாத்தியாரு படம் பிடிச்சிருக்காரு. அதுல இருக்கும், பாருங்க" என்றார்.

படங்கள் கைமாறின. சிரிப்பு நின்றுவிட்டது. குஞ்சின் மூக்கு நுனியை, ஈர இறகை, தூக்கிய காலை ஒவ்வொருவரும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அம்பலக்காரர் கடைசிப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். "வெட்டுன மண்ணுதான், தெரியுது. பொய் சொல்லல. ஆனா எம்புட்டு ஆழம்னு இதுல தெரியலையே" என்றார்.

பன்னிரண்டு படங்களையும் நானே வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சாண் நாலு விரல் உலகம்தான் இருந்தது. முட்டை இருந்தது, குஞ்சு இருந்தது. பள்ளம் இல்லை, அதன் சுவர் இல்லை. சாய்த்து வைத்த மண்வெட்டியாவது இருக்கும் என்று தேடினேன். அந்த அக்காவின் விரல்கூட ஒன்றிலும் விழவில்லை.

"நீங்க தெனம் இங்கிட்டுத்தான கெடந்தீங்க வாத்தியாரய்யா. நீங்க சொன்னாப் போதும், எழுதிக்கிறேன். ஒரு முழத்துக்குள்ளதான?" என்றார் அம்பலக்காரர்.

முட்டைக்கும் கேமராவுக்கும் எத்தனை விரல் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அந்தத் திட்டுப் பக்கத்தில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தவன், அது முழங்கால் உயரமா இடுப்பு உயரமா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்ச் சாட்சி சொன்னேன் என்று பின்னால் ஒருவன் அவரைக் குத்திக்காட்ட வழி வைக்கக் கூடாது என்றும் தோன்றியது, நிஜமாகவே தெரியாது என்பதும் உண்மை.

"தெரியாதுங்க. நான் குருவியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான் ஆத்தா" என்றார் அம்பலக்காரர். குரலில் வருத்தம் இருந்தது. பத்து வண்டி என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். அக்கா ஏற்கனவே காட்டில் பரப்பிய வண்டலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக் கூடையைக் கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மூன்று நாள் சுமந்தேன். கழுத்து திரும்பாமல் போய், என் மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "படம் எடுக்குறதுக்கு இம்புட்டு பலம் வேணும்னு தெரியாமப் போச்சே" என்றாள்.

அந்தக் காடு கைவிட்டுப் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்பாதியில் அந்த வருடம் கடலை நன்றாகவே விளைந்தது. கணவரின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை விட்டுவிட்டார். கீழ்ப்பாதிக்கு வண்டல் போதவில்லை, அது சரளையாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கீழ்ப்பாதியைப் பார்ப்பேன். அது என் பங்கு என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் கடைசி வண்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா, திட்ட வெட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஒரு முழம் போட்டுப் பாத்து வச்சிருப்பேனே?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லணுமா? நீங்கதான் பக்கத்துலயே படுத்துப் பாத்துக்கிட்டு இருக்கீங்களேன்னு இருந்துட்டேன்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அடுத்த கூடையை என் பக்கம் நீட்டினார், நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.